புதுப்பிப்பு: பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்புக்குத் தண்ணீர்க் கிண்ணம்

எங்கள் பால் பைத்தான் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கூண்டை நனைக்கிறது, வேறென்ன வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இப்போது வைத்திருப்பது கனமான பீங்கான் கிண்ணம். அகன்ற அடி, சுருண்டு உட்கார இடம். முதல் ராத்திரியே விளிம்பில் ஏறி முழு எடையையும் சாய்த்துப் பார்த்தது, கிண்ணம் அசையவில்லை. பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை, உள்ளே இறங்கினால் வழிந்துவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். சூட்டுப் பக்கம் வைத்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகி ஈரம் ஏறிவிடுகிறது. குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றியதும் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இந்த முறை சட்டை மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக உரிந்தது. கண்மேல் இருக்கும் செதில்கூட அதோடு வந்துவிட்டது, எனக்கு அவ்வளவு நிம்மதி!

நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால் கவனியுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மிகச் சரி. கூண்டு அதிகமாகச் சூடாகியிருக்கலாம், அல்லது செதிலிடுக்கில் சிற்றுண்ணி இருக்கலாம். கிண்ணத்தில் மிளகுத்தூள் மாதிரி கரும்புள்ளிகள் தெரிந்தால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தண்ணீரைத் தினமும் மாற்றுகிறோம். அதில் கழிந்துவைத்தால் உடனே கொட்டி, தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, நன்றாக அலசிய பிறகுதான் திரும்ப வைப்பது.