1801 போர்க்காலத்து மதுரையில் குடியேறிகளின் காதல்: நாவலுக்கு ஆலோசனை வேண்டும்

கேள்வி
பதிவு: வைகைக்கரை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பாளையக்காரர் போர்க் காலத்தை வைத்து ஒரு வரலாற்றுக் காதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி, மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையை ஒட்டிய தெருவில் வாழும் பட்டுநூல்காரர் வீட்டுப் பெண். வீட்டில் பேசுவது சௌராட்டிரம். கைவேலை சுங்குடிக்கு முடிச்சுப் போடுவது. நாயகன், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் தெலுங்கு பேசும் கம்பளத்து நாயக்கர் குடியில் பிறந்தவன். பருத்திப் பொதிகளை மாடுகளின் மேல் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருபவன். இரு குடிகளுமே எங்கிருந்தோ வந்து இந்த மண்ணில் வேர் பிடித்தவை என்பதால்தான் இந்த இணையைத் தேர்ந்தேன்.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய 1801 பிப்ரவரி 2இல் கதை தொடங்குகிறது. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அக்டோபர் 24இல் முடிகிறது. இதுவரை எழுதியதைப் படித்த நண்பர்கள், காதல் ஒரு பக்கம் நடக்கிறது, போர் வேறொரு பக்கம் நடக்கிறது, இரண்டும் ஒட்டவில்லை என்கிறார்கள். எனக்கும் அது உறுத்துகிறது. குடியேறி வந்த மக்கள் இந்தப் போரைத் தங்கள் போராக எண்ணியிருப்பார்களா? இன்றைய நாட்டுப்பற்றை அவர்கள் வாயில் திணிக்கவும் மனம் இல்லை. அவர்களை வெறும் வேடிக்கை பார்ப்பவர்களாக விட்டுவிடவும் மனம் இல்லை. இந்த வட்டாரத்தை அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
பதிவு: காளையார்கோயில் பக்கத்துக்காரர்

நண்பரே, காதலையும் போரையும் ஒட்டவைக்கும் பசை உங்கள் கையிலேயே இருக்கிறது, அது பருத்தி. கரிசலில் விளையும் பருத்தி வந்தால்தான் மதுரைத் தறியில் நூல் ஏறும், சுங்குடிக்குத் துணி கிடைக்கும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பிவிட்டார்கள். மார்ச் 31இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் தளபதி மெக்காலேயின் படை அதன் மீது மோதித் தோற்றது. பிறகு அக்னியூவின் தலைமையில் பெரும்படை வந்து மே 24இல்தான் அதைப் பிடித்தது. அத்தனை மாதங்களும் அந்த வழியில் பொதிமாடு ஓட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆகவே நாயகன் வரவில்லை என்றால் காதல் மட்டும் தவிக்காது. அந்தத் தெருவின் அடுப்பும் தவிக்கும். முதலில் இதை எழுதுங்கள், பீரங்கிச் சத்தம் தானாக மதுரைக்குள் வந்து சேரும்.

அடுத்து கும்பெனியின் துணி வணிகம். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்து, குறித்த நாளில் குறித்த தரத்தில் துணியை வாங்கிக்கொள்வது அவர்களின் முறை. வாங்கிய கடன் தீரும்வரை அவர் வேறு வணிகருக்கு நெய்ய முடியாது. 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரரின் தலைமையில் இராமநாதபுரம் சீமையில் கிளர்ச்சி மூண்டபோது, முதுகுளத்தூர்க் கச்சேரியோடு (அரசு அலுவலகம்) அபிராமத்தில் இருந்த கும்பெனியின் துணிக் கிடங்கும் தாக்கப்பட்டது. கிளர்ச்சியாளரின் கண்ணில் துணிக் கிடங்கு எதிரியின் கருவூலம். நாயகியின் தந்தை தரகர் வழியாகக் கும்பெனி முன்பணம் வாங்கியவர் என்று வைத்துக்கொண்டால், மகள் மனம் வைத்த இளைஞன் நிற்கும் அணியும் தந்தையின் கடன் நிற்கும் அணியும் எதிரெதிராகிவிடுகின்றன. செயற்கையாக ஒரு வில்லனைக் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு 1801 ஜூனில் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை ஓரளவு விடை தரும். திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட அந்த அறிக்கை, சம்புத்தீவில், அதாவது இந்த நாட்டில், வாழும் எல்லா வருணத்தாரையும் இசுலாமியரையும் அழைக்கிறது. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று அது கேட்கவில்லை. இங்கே வாழ்கிறவர் அனைவருக்கும் அதில் இடம் உண்டு. அந்தச் செய்தி வாய்வழியாக மதுரைத் தெருவுக்கு வந்து சேரும் காட்சி நாவலின் நடுவில் இருந்தே ஆக வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அதைக் கேட்டதும் தெருவே திரண்டு எழுந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மதுரைக் கோட்டைக்குள் கும்பெனியின் காவற்படை இருந்தது. அந்த நிழலில் மக்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசியிருப்பார்கள்.

மறுமொழி 2
பதிவு: நெசவுத்தெரு வாசகி

நான் சௌராட்டிரக் குடும்பத்தில் பிறந்தவள், மதுரையிலேயே வளர்ந்தவள். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி நாவலின் நாயகியாகிறாள் என்று படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியோடுதான் சிலவற்றைச் சொல்கிறேன்.

அவளுடைய வேலையை மேலோட்டமாக எழுதிக் கடந்துவிடாதீர்கள். துணியில் ஒரு புள்ளியை நகநுனியால் கிள்ளித் தூக்கி, அதன் கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சிடுவார்கள். இப்படி முடிச்சு முடிச்சாகச் சேலை முழுவதும் சுருங்கி ஒரு பிடிக்குள் அடங்கிவிடும். பிறகு சாயத்தில் தோய்த்து, காயவைத்து, இருபுறமும் இருவர் நின்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்துப் பிரியும். கட்டிய இடமெல்லாம் சாயம் படாத புள்ளியாக மலரும். அந்தக் காலத்தில் ஆலைச் சாயம் கிடையாது. சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. உங்கள் நாயகி நகக்கண்ணில் சிவப்பு ஏறிய பெண்ணாகத்தான் இருப்பாள். சேலையை இழுத்துப் பிரிக்க இரண்டு பேர் வேண்டும் என்பதைக் காதல் கதை எழுதுகிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, குடியேறிகளின் மனம். எங்கள் மரபில் திருமண நிச்சயத்தின்போது இரு வீட்டாரும் கேள்வியும் பதிலுமாக, முன்னோர் சௌராட்டிரத்திலிருந்து தேவகிரிக்கும் விசயநகரத்துக்கும் பிறகு மதுரைக்கும் வந்த கதையைச் சொல்லும் வழக்கம் இருந்தது. எங்கே இருந்தீர்கள், ஏன் புறப்பட்டீர்கள், எப்படி இங்கே வந்தீர்கள் என்று சபையில் கேட்டுப் பதில் பெறுவார்கள். அந்தக் கதையில் ஓர் அரசு விழுவதும் நெசவாளர்கள் தறியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நகர்வதும் மாறிமாறி வரும். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் போர் என்றதும் முதலில் எழும் எண்ணம், எந்த அணி வெல்லும் என்பதாக இராது. மறுபடியும் ஊரை விட்டுப் போக வேண்டுமா என்பதாகவே இருக்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பூணூல் சடங்குகளைச் செய்ய எங்களவர்க்கு உரிமை உண்டா என்ற வழக்கு எழுந்தபோது, இராணி மங்கம்மாள் விசாரித்து 1704இல் எங்களுக்குச் சார்பாக ஆணை வழங்கினார். குடியேறி வந்தவர்களுக்கு அப்படிப்பட்ட ஓர் ஓலைதான் நிலமும் வீடும். நாயக்கர் ஆட்சி போய், நவாபு வந்து, அவரை ஒதுக்கிவிட்டுக் கும்பெனி வந்த காலத்தில், புதிய ஆட்சி அந்த ஆணையை மதிக்குமா என்ற கவலை நாயகியின் தந்தைக்கு இருந்தால் அவரைக் கோழை என்று எந்த வாசகரும் சொல்ல மாட்டார்.

காதலைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். 1801இல் எங்கள் குடியிலும் கம்பளத்தார் குடியிலும் வெளியே பெண் கொடுப்பது, எடுப்பது நினைத்துப் பார்க்க முடியாதது. போர் வந்து அந்தத் தடையை உடைத்துவிட்டது என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன். இருவரும் பேசிக்கொள்வது மட்டும் எளிது. எங்கள் மொழியில் விசயநகரக் காலத்திலிருந்து தெலுங்குச் சொற்கள் நிறையக் கலந்துள்ளன. அவன் பேசுவதில் பாதி அவளுக்குத் தானாகவே விளங்கும்.

மறுமொழி 3
பதிவு: கரிசல்காட்டு ஆசிரியர்

மேலே அம்மையார் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். கம்பளத்தார் பக்கத்தையும் ஒரே வண்ணத்தில் தீட்ட வேண்டாம். கட்டபொம்மனும் ஊமைத்துரையும் பிறந்த அதே குடியைச் சேர்ந்தவர்தாம் எட்டயபுரம் பாளையக்காரர். அவருடைய படை கும்பெனியோடு நின்றது. எனவே உங்கள் நாயகனுக்குப் பங்காளிகள் இரு அணியிலும் இருப்பார்கள். பருத்தி வணிகனான அவன் எட்டயபுரத்தின் நிழலில் நிம்மதியாகத் தொழில் செய்திருக்கலாம். அதை விட்டு அவன் ஏன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனான் என்பதற்கு நீங்கள் ஒரு முழு அத்தியாயம் ஒதுக்க வேண்டும். 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதை அவன் கூட்டத்தில் நின்று பார்த்தான் என்று அமைத்தால் போதுமான காரணம் கிடைத்துவிடும். கும்பெனி அதிகாரி பானர்மேன் அங்கே மற்ற பாளையக்காரர்களையும் கூட்டிவைத்துக்கொண்டுதான் அந்தத் தண்டனையை நிறைவேற்றினார்.

கோட்டை விழுந்த இரவைப் பற்றி வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி எழுதிவைத்திருக்கும் ஒரு செய்தி உங்களுக்குப் பயன்படும். பிணங்களுக்கிடையில் மகனைத் தேடிவந்த தாயிடம், உயிர் போகும் நிலையில் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் காயமுற்றுக் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொல்கிறான். பெண்கள் அவரைத் தூக்கிச் சென்று மறைத்தார்கள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கியபோது, வெள்ளைத் துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவர் என்று ஒப்பாரி வைக்க, வந்தவர்கள் அஞ்சி விலகினர். அந்தப் பெண்களுக்கு வரலாற்றில் பெயர் இல்லை. அவர்களில் ஒருத்தியை நாயகனின் அக்காளாகவோ தாயாகவோ ஆக்குங்கள். வீரம் ஆண்களிடம் மட்டுமே இருந்தது என்ற தோற்றம் மாறும்.

முடிவைப் பொறுத்தவரை, திருப்பத்தூர்த் தூக்குமேடையோடு நிறுத்துவது எனக்குப் போதவில்லை. 1802 பிப்ரவரியில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். வந்து குடியேறிய மக்களைப் பற்றிய கதையில், ஒருவன் கட்டாயமாகக் குடிபெயர்க்கப்படுவதை எழுதாமல் விடலாமா?

வைகைக்கரை வாசகர் (கேட்டவர்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தந்தையின் முன்பணத்தையும் பருத்தி வழியையும் கதையின் முதுகெலும்பாக்கப் போகிறேன். திருமணத்தில் முடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, பினாங்கை நோக்கி அமைக்கிறேன். நிச்சயத்தில் சொல்லப்படும் குடிபெயர்வுக் கதை, நாயகிக்கு வேறொருவரோடு நிச்சயமாகும் காட்சியில் வரும். அவர்கள் இருவரும் கடைசியாகச் சந்திக்க மதுரைக்குள் பொருத்தமான ஓர் இடம் மட்டும் வேண்டும். வெளிவீதி என்று எழுதி வைத்திருக்கிறேன், சரியாக இருக்குமா?

மறுமொழி 4
பதிவு: காளையார்கோயில் பக்கத்துக்காரர்

வெளிவீதி வேண்டாம். இன்று வெளிவீதிகள் ஓடும் இடத்தில் அன்று கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்த காலத்தில், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் அவற்றை இடித்துத் தூர்த்து வீதிகளாக்கினார்கள். வைகை மேலுள்ள ஏ.வி. பாலமும் 1889இல்தான் வந்தது. எனவே ஆற்றைக் கடப்பவர்கள் மணலிலோ நீரிலோ இறங்கித்தான் கடக்க வேண்டும்.

சித்திரை முழுநிலவு நாளில் வைகை மணலை எடுத்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அந்த நாளில் கரிசல்காட்டு மக்களும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அத்தனை பேரையும் கோட்டைக் காவலர் நிறுத்திவைத்து விசாரிக்க முடியாது. 1801இல் பிறந்த துன்மதி ஆண்டின் சித்திரையில் அந்த நாள் ஏப்ரல் இறுதியில் வருகிறது. மெக்காலே தோற்றுத் திரும்பிவிட்டார், அக்னியூ இன்னும் கோட்டையைப் பிடிக்கவில்லை என்ற இடைவெளி அது. பாஞ்சாலங்குறிச்சி வென்றுவிடும் என்று நாயகன் உறுதியாக நம்பக்கூடிய கடைசி வாரங்கள் அவையே. அவனை அந்த நம்பிக்கையோடு பேசவிடுங்கள்.

பினாங்குக்கு முன்பாக ஒரு சிறு காட்சிக்கும் இடம் வையுங்கள். 1801 டிசம்பர் 1இல் ஆளுநர் எட்வர்டு கிளைவ், மக்கள் படைக்கலம் வைத்திருக்கக் கூடாது என்று அறிவித்தார். பாளையத்துச் சீமையில் வீட்டுக்கு வீடு வேலும் வளரி என்ற வளைந்த எறிபடையும் ஒப்படைக்கப்பட்ட நாட்களில், நாயகனின் வீட்டில் இருந்ததை எடுத்துக் கொடுக்க அவன் இல்லை. அதைச் சுமந்துகொண்டு கச்சேரிக்குப் போகிறவள் அந்த அக்காளாக இருக்கட்டும்.