நடைமுறையில் உள்ள விதியின் இன்றைய வாசகம் எங்கே கிடைக்கும்?

வினா: பதிவுபெற்ற கட்டடப் பொறியாளர், மதுரை

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் 4.2.2019 நாளிட்ட 18ஆம் எண் அரசாணை வழியாக வெளியிடப்பட்டன. அதுவரை ஊராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, சென்னைப் பெருநகருக்கு வேறொன்று என்று சிதறிக் கிடந்த விதிகள் ஒரே தொகுப்பானது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெரும் உதவியாக இருந்தது.

அதன்பின் திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு திருத்தமும் தனித்தனிக் கோப்பாகக் கிடைக்கிறது. துறைகளின் இணையதளங்களில் இன்ன தேதிவரை திருத்தப்பட்டது என்ற குறிப்புடன் தொகுப்புகள் சில நேரங்களில் வெளியாவது உண்டு. ஆனால் அந்தத் தேதிக்குப் பின் வந்த திருத்தத்தை நாமே தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மனு கொடுத்த நாளில் நடைமுறையில் இருந்த விதி எது என்ற கேள்வி எழுந்தால் நிலைமை இன்னும் கடினம். பழைய தொகுப்பு இருந்த இடத்தில் புதியது வந்து உட்கார்ந்திருக்கும். கடைசியில் தனியார் பதிப்பகத்தின் நூலையோ வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒட்டிச் சேர்த்த கோப்பையோ நம்பித்தான் வரைபடம் போடுகிறோம்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தபின் இது பொறியாளர்களின் கவலையாக மட்டும் இல்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டும் குடும்பம், விதிகளுக்கு உட்பட்டுக் கட்டுகிறோம் என்று தானே உறுதியளித்து இணையவழியில் அனுமதி பெறுகிறது. உறுதிமொழியை மக்களிடம் கேட்கும் அரசு, எந்த வாசகத்துக்கு அவர்கள் உறுதி தருகிறார்கள் என்பதையும் தெளிவாகக் காட்ட வேண்டும் அல்லவா? இது குறித்து அரசுக்கு ஒரு கோரிக்கை எழுத விரும்புகிறேன். நல்ல தேடல் வசதியுள்ள இணையதளத்தை முதலில் கேட்பதா, வேறு எதையாவது கேட்பதா?

மறுமொழி: தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

இணையதளத்தை முதலில் கேட்காதீர்கள். நீங்கள் தேடும் முழு வாசகத்தை முறையாக உருவாக்கி வைக்கும் பொறுப்பு எந்த ஒரு மேசைக்கும் உரியதாக இல்லை. இல்லாத ஒன்றை எவ்வளவு நல்ல தளமும் காட்ட முடியாது.

திருத்தம் பிறக்கும் முறையைச் சொல்கிறேன். நிர்வாகத் துறை வரைவு தயாரிக்கும்; சட்டத் துறை அதைச் சரிபார்க்கும்; அரசாணையும் அறிவிக்கையும் கையொப்பமான பின் அரசிதழில் வெளியிடுவதற்காகச் சென்னை அரசு மைய அச்சகத்தின் பணி மேலாளருக்கு ஒரு படி போகும். பொதுவான சட்ட விதிகள் அரசிதழின் மூன்றாம் பகுதி, 1(அ) பிரிவிலும், பணி விதிகள் 1(ஆ) பிரிவிலும் வரும். அறிவிக்கையின் வாசகமோ, இன்ன விதியின் இன்ன உட்பிரிவில் 'இச்சொற்களுக்குப் பதிலாக அச்சொற்கள் வைக்கப்படும்' என்பதோடு முடிந்துவிடும். அரசிதழின் கடமை அங்கே நிறைவடைகிறது. அந்தச் சொற்களை மூல விதியில் உரிய இடத்தில் பொருத்தி முழு வாசகத்தை ஆக்குவது, படிக்கிறவரின் தலையில் விழுகிறது.

முன்பெல்லாம் அலுவலகங்களில் திருத்தச் சீட்டுகள் வரும். எழுத்தர் அவற்றை வெட்டி, கையேட்டின் உரிய பக்கத்தில் ஒட்டி, ஓரத்தில் அரசாணை எண்ணையும் நாளையும் எழுதிவைப்பார். மெதுவான வேலைதான், ஆனாலும் ஒட்டிய கையேட்டைப் பார்த்தால் விதியின் வரலாறு முழுதும் தெரியும். கணினி வந்தபோது சீட்டு ஒட்டும் பழக்கம் போய்விட்டது, அந்தக் கடமையை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. இதை நான் மிகுந்த வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

மறுமொழி: உயர் நீதிமன்ற வழக்குரைஞர்

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் சட்டத்தின் பக்கத்திலிருந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளியிடப்படாத சட்டத்தைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1951இல் ஹர்லா எதிர் ராஜஸ்தான் அரசு வழக்கில் தீர்ப்பளித்தது. ஜெய்ப்பூர் அபினிச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட தண்டனை, அச்சட்டம் முறையாக மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்பதற்காகவே நீக்கப்பட்டது. அரசு இயற்றும் விதிகளுக்கும் இதே கோட்பாடு பொருந்தும் என்பதை 1987இல் பி.கே. சீனிவாசன் எதிர் கர்நாடக அரசு வழக்கு உறுதிசெய்தது. ஆகவே அரசிதழில் வெளியான மூல அறிவிக்கையும் திருத்த அறிவிக்கைகளும்தான் சட்ட வலுவுள்ளவை; தொகுத்த வாசகம் எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டாலும் அதற்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது. தொகுப்பில் ஒரு சொல் விடுபட்டு, அதை நம்பி ஒருவர் கட்டடம் எழுப்பினால், நீதிமன்றத்தில் அரசிதழ்தான் வெல்லும்.

அதனால் கோரிக்கையில் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தொகுத்த வாசகத்தின் ஒவ்வொரு விதிக்கும் அடியில் எந்த அறிவிக்கையால், எந்த நாளிலிருந்து அது இவ்வாறு உள்ளது என்ற குறிப்பும், அந்த அரசிதழுக்கான இணைப்பும் இருக்க வேண்டும். தொகுப்பை ஓர் அலுவலர் பெயர் சொல்லிச் சான்றளிக்க வேண்டும். மின்னணு அரசிதழ் வெளியீடு செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 8ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது, நடுவண் அரசு 2015 அக்டோபர் முதல் தன் அரசிதழை அச்சிடுவதை விட்டு மின்னணு வடிவத்துக்கே மாறிவிட்டது. எனவே சட்டத் தடை எதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, தன் ஊழியர்கள் பயன்படுத்தும் விதிகளையும் கையேடுகளையும் யாரும் கேட்காமலேயே வெளியிடும் கடமையை ஒவ்வொரு பொது அதிகார அமைப்புக்கும் விதிக்கிறது. உங்கள் கோரிக்கைக்கு உறுதியான அடித்தளம் அதுவே.

மறுமொழி: தமிழ்க் கணினித் துறையில் பணிபுரிபவர்

தொழில்நுட்பம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சேர்க்கிறேன். பழைய அரசாணைகள் பல, காகிதத்தைப் படமெடுத்த பி.டி.எஃப். கோப்புகள், அவற்றுக்குள் எதையும் தேட முடியாது. படமாக இல்லாமல் எழுத்தாகவே உள்ள தமிழ்க் கோப்புகளிலும் சிக்கல் உண்டு. வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றைப் படியெடுத்தால் பொருளற்ற குறிகள்தான் வரும். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரியும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010இலேயே தன் தரமாக அறிவித்தது. அறிவிப்புக்குப் பிந்தைய கோப்புகளாவது ஒருங்குறி எழுத்தாக வெளியாக வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

பிரிட்டன் அரசின் சட்ட இணையதளம், பல சட்டங்களில் ஒரு பிரிவு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் மாறாத இணைய முகவரி இருப்பதால் தீர்ப்பிலும் கடிதத்திலும் அதையே மேற்கோளாகத் தர முடிகிறது. அமெரிக்க மாநிலங்களுக்காக 2011இல் உருவாக்கப்பட்ட மின்னணுச் சட்ட ஆவணங்களுக்கான ஒரேசீர் மாதிரிச் சட்டம், இணையத்தில் உள்ள வாசகத்தையே அதிகாரபூர்வமாக அறிவிக்கும் மாநிலம் அதன் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் வழியையும், பழைய வடிவங்களை நிலையாகக் காக்கும் ஏற்பாட்டையும் செய்தாக வேண்டும் என்கிறது. வழக்குரைஞர் கேட்ட சான்று இதுதான். சட்ட ஆவணங்களின் பிரிவு, உட்பிரிவுகளைக் கணினி அடையாளம் காணும்படி குறியிடுவதற்கென்றே அகோமா இன்டோசோ (Akoma Ntoso) என்ற திறந்த எக்ஸ்.எம்.எல். தரமும் இருக்கிறது, புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம். எல்லாத் துறைகளின் எல்லா விதிகளையும் தொகுக்க வேண்டும் என்று எழுதினால், நிதியும் ஆளும் இல்லை என்ற பதிலோடு கோப்பு முடிந்துவிடும். எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர்

நூறாண்டுப் பழைய விதிகளைத் தோண்ட வேண்டாம். கட்டட விதிகள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல்தான் வந்தவை என்பதால் எல்லாத் திருத்தங்களும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன, சுயசான்று முறையால் தேவையும் கண்கூடு. இனிவரும் ஒவ்வொரு திருத்த வரைவும் சட்டத் துறைக்குச் செல்லும்போதே, திருத்தம் சேர்ந்தபின் அந்த விதி முழுமையாக எப்படி அமையும் என்ற தூய படியும் இணைக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். வரைவைச் சரிபார்க்கிறவர் அந்தப் படியையும் சேர்த்தே சரிபார்த்துவிடுவார். ஒரு சொல் தவறான இடத்தில் பொருந்தினால் அரசிதழுக்குப் போகுமுன்பே கண்ணில் படும். தனி ஆள் வேண்டாம், தனி நிதியும் வேண்டாம்.

அரசாணையின் இறுதியில் படி பெறுவோர் பட்டியல் இருக்குமே, அதில் அச்சகப் பணி மேலாளருக்குக் கீழே, தொகுப்பை இணையத்தில் ஏற்றும் அலுவலரின் பதவிப் பெயரும் இடம்பெறச் செய்யுமாறு எழுதுங்கள். படி வந்தால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அலுவலக நடைமுறை அப்படித்தான் இயங்குகிறது.