புதுப்பிப்பு: ஐப்பசி நெருப்புக்கு விறகு காய்ந்துவிட்டது

கோத்தகிரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆண்டுதோறும் ஐப்பசிக் கடைசியில் குடும்பமாகக் கூடிக் குளிர்காய்வோம். அதற்காகக் கோடையிலேயே வெட்டி வைத்த விறகு மழையில் நனைந்துவிட்டது, என்ன செய்வது என்று மூன்று வாரங்களுக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

தார்ப்பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியதுதான் தவறு. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. இப்போது கல் வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டிருக்கிறோம். உருண்டைக் கட்டைகளை மாமா கோடரியால் பிளந்து தந்தார். பட்டை ஈரத்தை விடாது. பிளந்தால்தான் சீக்கிரம் காயும்.

நேற்று இரண்டு சீகை (வாட்டில் மரம்) கட்டைகளைத் தட்டிப் பார்த்தேன். முன்பு ‘தொப்’ என்றவை இப்போது ‘டங்’ என்று ஒலித்தன! வெட்டு முகத்தில் நட்சத்திரம்போல் வெடிப்புகள்.

பற்றவைக்கக் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) சருகு ஒரு கோணி இருக்கிறது. இலையில் தைலம் இருப்பதால் குப்பென்று பிடிக்கும், கைப்பிடி போதும். காற்று வீசினால் மூட்ட மாட்டோம். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். பிளாஸ்டிக் எதையும் போடவிட மாட்டேன், அந்தத் தணலில்தான் உருளைக்கிழங்கு சுடப்போகிறோம்.

முதல் தீக்குச்சியை எப்போதும் தாத்தாதான் கிழிப்பார். இந்த ஆண்டு அவர் இல்லை. பாட்டி, “நானே ஏற்றுகிறேன்” என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு.