பழைய பிக்கப் கொதிப்பு: காரணம் கிடைத்துவிட்டது (புதுப்பிப்பு)

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகேயுள்ள ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் என் பழைய பெட்ரோல் பிக்கப் கொதிப்பதையும், நிற்கும்போது இன்ஜின் குலுங்குவதையும் பற்றி முன்பு எழுதியிருந்தேன். கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைப் பலர் சொன்னீர்கள். மாற்றியும் சூடு தணியவில்லை.

இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட்தான் காரணம். சாட்ஸ்வொர்த் பகுதி மெக்கானிக் அண்ணன் கம்ப்ரஷன் அளந்தபோது 2, 3ஆம் சிலிண்டர்கள் இரண்டிலும் அழுத்தம் விழுந்திருந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தார். குமிழிகள் விடாமல் பொங்கின. கழற்றினால், அவ்விரு சிலிண்டர்களுக்கும் நடுவே கேஸ்கட் கருகி, நீர்வழி வரை அரித்திருந்தது. எரிந்த வாயு கூலண்டில் புகுந்தால் எந்த ரேடியேட்டர்தான் தாங்கும்!

ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் தயவுசெய்து புது கேஸ்கட் போடாதீர்கள், மறுபடியும் கசியும். என்னுடையதைச் சீவிச் சமப்படுத்த வேண்டியிருந்தது. இப்போது முழுப் பாரத்துடன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஏறுகிறேன். வெப்பமானி முள் நடுவைத் தாண்டுவதில்லை.