முதல் கிட்டார் ஆம்பையே வால்வில் கட்டலாமா?

காசிமேடு கிட்டார்

எல்லோருக்கும் வணக்கம். சர்ச் கொயரில் ஐந்து வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். நானே கட்டியது என்று பார்த்தால் இரண்டு எஃபெக்ட் பெடல், இரண்டும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. இப்போது 5 வாட் வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று கட்ட ஆசை. ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் 5எஃப்1 என்ற சின்ன ஆம்பின் சர்க்யூட்டைப் பிரிண்ட் எடுத்து சுவரில் ஒட்டி ஒரு மாதம் ஆகிறது.

பரணில் தாத்தாவின் வால்வு ரேடியோ இருக்கிறது. பின்பலகையைக் கழற்றினால் யூசிஎல்82 என்று எழுதிய வால்வு தெரிகிறது. அந்த ரேடியோவையே ஆம்பாக மாற்றினால் செலவு குறையுமா? "உசிரோட விளையாடாதே" என்கிறான் நண்பன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வண்ணை மெக்கானிக்

தம்பி, உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி. மூர் மார்க்கெட் எரிந்த வருடம், 1985இல், நான் தொழிலுக்கு வந்தேன். அடுத்த வருடம் ஒரு கருப்பு வெள்ளை டிவி வேலைக்கு வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கை வைத்தால், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மெயின் கண்டென்சரில் சார்ஜ் அப்படியே நிற்கிறது. கை தானாகத் தெறித்து சேஸிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்) தகட்டின் விளிம்பில் கிழிந்தது. மணிக்கட்டுக்கு மேலே நாலு தையல். பிளக் பிடுங்கிய செட்தான், ஞாபகம் வையுங்கள்.

பேட்டரி பெடலில் தப்பு செய்தால் ஐசி போகும். இங்கே தப்பு செய்தால் ஆளே போகலாம். முதலில் எல்எம்386 என்ற ஐசி வைத்து அரை வாட் ஆம்ப் கட்டுங்கள். அப்புறம் டிடிஏ2030 ஐசி வைத்து பத்து வாட் ஒன்று கட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து வால்வைப் பற்றிப் பேசலாம்.

பெரம்பூர் 6வி6

அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னப் பையன். ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எல்எம்386இல் பத்து ஆம்ப் கட்டினாலும் வால்வு ஆம்புக்குள் ஓடும் 340 வோல்ட் பக்கத்தில் எப்படிக் கை வைப்பது என்று ஒரு வரி கூடத் தெரியவராது. அது வேறு பாடம். அந்தப் பாடத்தைப் படிக்க இருப்பதிலேயே எளிய சர்க்யூட்தான் நல்லது.

சாம்பில் என்ன இருக்கிறது? மூன்று வால்வு: கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 ஒன்று, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையருக்கு 5ஒய்3 ஒன்று. ரெசிஸ்டர்கள் ஒரு டஜன் சொச்சம், கண்டென்சர்கள் பத்துக்குள். கடைசி வால்வு ஒன்றே ஒன்றுதான் என்பதால் ஜோடி பார்க்க வேண்டாம். பயஸை (வால்வில் சும்மா ஓடும் கரன்ட்டின் அளவை) திருகி வைக்கும் வேலையும் கிடையாது. 6வி6இன் கேத்தோடு என்ற காலில் இருக்கும் 470 ஓம்ஸ் ரெசிஸ்டரே அதைப் பார்த்துக்கொள்ளும். அந்த ரெசிஸ்டரின் இரண்டு முனைக்கும் நடுவில் 19 வோல்ட் இருந்தால் ஓடுவது 40 மில்லி ஆம்பியர். கால்குலேட்டர் கூட வேண்டாம்.

அப்புறம் அந்தச் சத்தம். வால்யூமை ஏழில் வைத்து ஒரு கார்டை ஓங்கி அடித்தால் முதலில் அமுங்கி, பிறகு மெல்ல எழும்பி வரும். விரலின் அழுத்தத்தை அப்படியே திருப்பித் தரும். அது பிடித்துப் போனவரிடம் இரண்டு வருடம் காத்திரு என்றால் எப்படி?

வண்ணை மெக்கானிக்

தம்பி, எளிய சர்க்யூட் என்றால் ஷாக்கும் எளிதாக அடிக்குமா? 340 என்பது எல்லாம் ஓடும்போது வரும் கணக்கு. 5ஒய்3 சீக்கிரம் சூடேறிவிடும், 6வி6 மெதுவாகத்தான் எழுந்திருக்கும். அந்தச் சில நொடிகளில் வோல்டேஜை இழுக்க ஆள் இல்லாமல் 400ஐத் தாண்டும். 350 வோல்ட் கண்டென்சர் போதும் என்று போட்டவன் கதி என்ன?

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். நான் பதறியதே அதைப் படித்துத்தான். காசிமேடு தம்பி, யூசிஎல்82 போட்ட ரேடியோவைத் தொடவே தொடாதீர்கள். "யூ" என்று தொடங்கும் வால்வுகளின் ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் கம்பிகள்) 100 மில்லி ஆம்பியரில் வரிசையாகக் கோத்து நேராக மெயின்ஸில் ஓடுபவை. யூசிஎல்82க்கு மட்டுமே 50 வோல்ட் போகும். இந்த மாதிரி செட்டில் பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே இருக்காது. மெயின்ஸின் ஒரு கம்பி நேராக சேஸிஸில் இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க பேஸ் (கரன்ட் வரும் கம்பி). ரேடியோவுக்கு மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் இருந்ததால் வீட்டில் யாருக்கும் அடிக்கவில்லை. கிட்டார் அப்படியா? கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஜாக்குக்கு, ஜாக்கிலிருந்து சேஸிஸுக்கு. உங்கள் இடது கையில் 230 வோல்ட், உதட்டுக்குப் பக்கத்தில் எர்த் ஆன மைக். சர்ச்சில் வாசிக்கிறவர் நீங்கள்.

பெரம்பூர் 6வி6

ரேடியோ பற்றி அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். அதைத் துடைத்துத் தாத்தா ஞாபகமாக வையுங்கள். நாம் கட்டுவதற்கு 230 வோல்ட் பிரைமரி (மெயின்ஸ் பக்கச் சுற்று) உள்ள தனி டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும். அமெரிக்கக் கிட் வாங்குவதாக இருந்தால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியதா என்று முதலில் பாருங்கள். அது நம் ஊருக்கு ஆகாது.

கண்டென்சரை 500 வோல்ட்டுக்கு வாங்கினால் அண்ணன் சொன்ன அந்தச் சில நொடிகள் தாண்டிவிடும். முதல் கண்டென்சருக்கு 16 அல்லது 20 மைக்ரோஃபாரட் போதும். ஹம் (ம்ம்ம் என்ற இரைச்சல்) குறையட்டும் என்று 100 போட்டால் 5ஒய்3தான் அடிவாங்கும். மூன்று கண்டென்சரும் சேர்ந்து 40 மைக்ரோஃபாரட் என்று வைத்தால், குறுக்கே 220 கிலோ ஓம்ஸ், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். ஆஃப் செய்த முக்கால் நிமிடத்தில் 340 என்பது மூன்று வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும்.

வண்ணை மெக்கானிக்

அந்த ரெசிஸ்டரின் ஒரு கால் ஈயம் விட்டுப் போனால்? பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

பெரம்பூர் 6வி6

அதனால்தான் ரெசிஸ்டரை நம்பக் கூடாது, மீட்டரை நம்ப வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கி என் கண் முன்னால் மேசைமேல் வைப்பேன். மீட்டரின் கருப்பு வயரை முதலை கிளிப்பால் சேஸிஸில் கவ்வ வைப்பேன். இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். வலது கையால் மட்டும் சிவப்பு முனையை முதல் கண்டென்சரில் வைத்து எண் இறங்குவதைப் பார்ப்பேன். 60, 31, 12 என்று போகும். இரண்டு வோல்ட் ஆகும் வரை இடது கை வெளியே வராது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், இரண்டு நிமிடம் முன்னால் பார்த்திருந்தாலும்.

தண்டையார்பேட்டை டோன்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். உயிர் விஷயம் நீங்கள் பேசுகிறீர்கள், நான் பணம் வீணாகும் இடத்தைச் சொல்கிறேன். வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வரும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரை ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் சுற்றக் கொடுத்தேன். சுற்று எண்ணிக்கை எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சாதாரண டிரான்ஸ்பார்மர் போல ஆங்கில எழுத்து வடிவில் இருக்கும் ஈ தகடும் ஐ தகடும் மாற்றி மாற்றிக் கோத்துவிட்டார்கள். ஒற்றை வால்வு ஆம்பில் அந்த 40 மில்லி ஆம்பியர் டிசி எப்போதும் அதன் வழியாகத்தான் ஓடும். தகடுகளுக்கு நடுவே இடைவெளி இல்லையென்றால் இரும்பு காந்தத்தால் நிரம்பிவிடும். ஆறாவது கம்பியை அடித்தால் சப்பென்று ஒரு சத்தம், அடித்தொண்டையே இல்லை. எல்லாத் தகடுகளையும் கழற்றி, ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம் அடுக்கி, நடுவே மெல்லிய காகிதம் வைத்து இறுக்கினோம். அதே ஆம்ப்தானா என்று இருந்தது.

இன்னொன்று, ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டாதீர்கள். அந்த டிரான்ஸ்பார்மர் போய்விடும். காசிமேட்டுக் கடல் காற்றுக்கு வால்வு சாக்கெட்டின் கால்கள் சீக்கிரம் கறுக்கும். கரகரவென்று சத்தம் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

கொருக்குப்பேட்டை ரிஃப்

5 வாட் போதுமா? சர்ச்சில் டிரம்ஸ் இருக்குமே.

தண்டையார்பேட்டை டோன்

50 வாட் என்றாலும் காதுக்கு இரண்டு மடங்குச் சத்தமாகத்தான் கேட்கும், பத்து மடங்காக அல்ல. ஒட்டி ஒட்டி இருக்கும் வீட்டில் 5 வாட்டே பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க வைக்கும். சர்ச்சில் முன்னால் ஒரு மைக் வைத்தால் முடிந்தது.

காசிமேடு கிட்டார்

எல்லோருக்கும் நன்றி. ரேடியோ மறுபடி பரணுக்குப் போய்விட்டது. நேற்று நாள் முழுக்க அந்தக் கிட்டார் கம்பி விஷயமே மண்டையில் ஓடியது. ராத்திரி மீட்டரை எடுத்து எங்கள் வீட்டு மூன்று பின் பாயின்ட்டைப் பார்த்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 232. பேஸுக்கும் எர்த்துக்கும் 40 சொச்சம், அதுவும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. மெயினை ஆஃப் செய்து பிளேட்டைக் கழற்றினால், மேலே பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. இத்தனை வருடமும் அது வெறும் ஓட்டைதான்.

வண்ணை மெக்கானிக்

இதைத்தான் தம்பி நான் பயந்தேன். ஆம்பை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் எர்த் இல்லாத வீட்டில் அது பாதி ஆம்ப். உள்ளே ஒரு வயர் அறுந்து சேஸிஸில் பட்டால், எர்த் இருந்தால்தான் ஃபியூஸ் போகும். இல்லையென்றால் உங்களுக்காகக் காத்திருக்கும். வடசென்னைப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இந்த நிலையைப் பார்த்திருக்கிறேன். லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். அதுவரை ஒரு வால்வுகூட வாங்க வேண்டாம்.

பெரம்பூர் 6வி6

இதில் அண்ணன் பக்கம்தான் நானும். எர்த் முதலில், ஆம்ப் அப்புறம்.

காசிமேடு கிட்டார்

எலெக்ட்ரீஷியனிடம் பேசிவிட்டேன், ஞாயிறு சர்ச் முடிந்ததும் வருகிறார். எர்த் ஆன பிறகு கட்டத் தொடங்கலாமா ஐயா?

வண்ணை மெக்கானிக்

எல்எம்386 முதலில் என்பதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் சுவரில் ஒட்டியதை நீங்கள் கிழிக்கப் போவதில்லை என்று தெரிகிறது. அதனால் ஒரு நிபந்தனை. முதல் தடவை ஆன் செய்யும்போது சீரிஸ் லாம்ப் (ஆம்புக்கு முன்னால் வரிசையாகக் கோத்த பல்பு) வழியாகத்தான் கரன்ட் போக வேண்டும், பக்கத்தில் இதெல்லாம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வாருங்கள். என் பெஞ்சில் எர்த் இருக்கிறது.

காசிமேடு கிட்டார்

கட்டாயம் வருகிறேன் ஐயா. வீட்டில் எல்இடி பல்புதான் இருக்கிறது. அது போதுமா?

வண்ணை மெக்கானிக்

வேலைக்கு ஆகாது. பழைய குண்டு பல்பு, 60 வாட். என்னிடம் நாலு இருக்கிறது, ஒன்று உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்.