ஒருங்கிணைந்த பேலன்ஸ் ஷீட்டில் 15 இடிக்கிறது: தப்பு சரக்கிலா?

பேரேடு_7 (கேள்வி)

தாய் நிறுவனத்தையும் அதன் துணை நிறுவனத்தையும் ஒன்றாகச் சேர்த்து பேலன்ஸ் ஷீட் போடுகிறேன். எல்லாத் தொகையும் லட்சத்தில். தாய் நிறுவனம் அக்டோபர் 1 அன்று துணை நிறுவனத்தின் 80% பங்குகளை 960 கொடுத்து வாங்கியது. கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. துணை நிறுவனத்தின் பங்கு முதல் 500. ரிசர்வ் (சேர்த்து வைத்த லாபம்) ஏப்ரல் 1-ல் 280, ஆண்டு லாபம் 240 (மாதாமாதம் சீராக வந்தது), ஆண்டு முடிவில் 520. டிவிடெண்ட் இல்லை. வாங்கிய அன்று நிலத்தின் நியாய மதிப்பு, புத்தக மதிப்பைவிட 100 அதிகம். வரி 25%.

வாங்கிய பிறகு துணை, தாய்க்கு 300-க்குச் சரக்கு விற்றது. அடக்கத்தின் மேல் 25% லாபம். அதில் 60-க்கான சரக்கு இன்னும் தாயின் கிடங்கில் இருக்கிறது. தாயின் புத்தகத்தில் துணைக்குத் தரவேண்டியது 70, துணையின் புத்தகத்தில் தாயிடமிருந்து வரவேண்டியது 85.

நான் செய்தது: ஆண்டு முடிவின் 500 + 520 = 1,020-ல் 80% 816, எனவே குட்வில் (நிகரச் சொத்தில் நம் பங்குக்கு மேல் கொடுத்த விலை) 144, சிறுபான்மைப் பங்கு (மற்றவர்களிடம் உள்ள 20%) 204. சரக்கில் 15 (60-ல் 25%) கழித்து ரிசர்விலும் 15 குறைத்தேன். 85-ஐயும் 70-ஐயும் நீக்கினேன். பொறுப்புப் பக்கம் 15 கூடுதலாக நிற்கிறது. சரக்கு லாபமும் 15 என்பதால் அங்கேதான் கோளாறு என்று படுகிறது. நிலத்தை என்ன செய்வது என்பதும் புரியவில்லை.

கணக்குப்பிள்ளை

இரண்டு 15-ம் ஒன்றாக அமைந்தது தற்செயல். சரக்குப் பதிவை இரு பக்கமும் போட்டுவிட்டீர்கள், அது டேலியைக் கெடுக்காது. இடிப்பது 85-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம். சமமில்லாத இரண்டு நிலுவைகளை அப்படியே நீக்கினால் வித்தியாசம் வெளியே வந்து நிற்கத்தான் செய்யும்.

இரு நிறுவனங்களின் பேரேடுகளையும் மார்ச் கடைசி வாரத்துக்கு எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தாய் அனுப்பிய பணம் துணைக்கு வந்து சேரவில்லை என்றால்: வழியில் உள்ள பணம் 15 பற்று, துணையின் வரவேண்டியது 15 வரவு. பிறகு 70-க்கு 70 நீக்குங்கள். துணை அனுப்பிய சரக்கு தாய்க்கு வரவில்லை என்றால்: சரக்கு 15 பற்று, தாயின் தரவேண்டியது 15 வரவு. பிறகு 85-க்கு 85. இந்த இரண்டாவது வகையில் வழியில் இருக்கும் சரக்குக்குள்ளும் 3 லாபம் ஒளிந்திருக்கும், அதையும் எடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் சஸ்பென்ஸில் (தற்காலிகக் கணக்கில்) மட்டும் தள்ளாதீர்கள்.

சரக்கு லாபம் 15 அல்ல, 12. லாபம் அடக்கத்தின் மேல் வைத்தது. 60 என்பது விற்பனை விலை. ஆக 60 × 25/125.

குட்வில்தான் பெரிய தப்பு, ஆனால் அது டேலியில் தெரியாது. 144-ம் 204-ம் சேர்ந்து அழகாகப் பொருந்திவிடும். குட்வில் வாங்கிய அன்றைய நிலவரப்படி மட்டுமே. அன்று ரிசர்வ் 280 + 120 = 400. அதோடு முதல் 500, நிலம் 100, மொத்தம் 1,000. 960-லிருந்து அதன் 80% (800) போனால் குட்வில் 160, சிறுபான்மைப் பங்கு 200. நிலத்தின் 100-ஐ ஒருங்கிணைப்பு ஏட்டில் சேர்த்தால் போதும், துணையின் புத்தகத்தைத் தொட வேண்டாம். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை. கட்டடமோ இயந்திரமோ என்றால் கூடுதல் மதிப்புக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் போடவேண்டி வரும்.

ஐந்தொகை

மேலே சொன்ன வழி சரி, வரியை மட்டும் விட்டுவிட்டார். நிலத்தின் மதிப்பு 100 ஏறியது, ஆனால் வரிக் கணக்கில் அதன் அடக்கம் பழையபடியே இருக்கிறது. ஐஏஎஸ் 12-ன்படி (வருமான வரிக்கான சர்வதேசக் கணக்கு நெறி) அந்த வித்தியாசத்துக்கு டெஃபர்டு டாக்ஸ் பொறுப்பு (பின்னால் கட்ட வேண்டி வரும் வரி) 25. நிகரச் சொத்து 975, அதில் 80% 780, குட்வில் 180, அன்றைய சிறுபான்மைப் பங்கு 195. குட்வில்லுக்கு என்று தனியாக டெஃபர்டு டாக்ஸ் போடக் கூடாது; போட ஆரம்பித்தால் அது குட்வில்லையே ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும்.

சரக்கின் 12-க்கும் வரி உண்டு: டெஃபர்டு டாக்ஸ் சொத்து (பின்னால் குறையப்போகும் வரி) 3, நிகர நீக்கம் 9. விற்றது துணை என்பதால் லாபம் துணையின் லாபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. எனவே சிறுபான்மையும் 20% சுமக்கும். தாய் துணைக்கு விற்றிருந்தால் முழுச் சுமையும் தாயின் மேல்.

முடிவுக் கணக்கு:
சிறுபான்மைப் பங்கு: 195 + (120 − 9) × 20% = 217.2
குழும ரிசர்வில் சேர்வது: (120 − 9) × 80% = 88.8
சரிபார்ப்பு: 975 + 120 − 9 + குட்வில் 180 = 1,266; மறுபக்கம் 960 + 217.2 + 88.8 = 1,266.

இது விகிதாசார முறை, அதாவது சிறுபான்மைக்கு நிகரச் சொத்தில் 20%. ஐஎஃப்ஆர்எஸ் 3 (நிறுவனம் வாங்கலுக்கான சர்வதேச நெறி) சிறுபான்மைப் பங்கை நியாய மதிப்பில் எடுக்கவும் அனுமதிக்கிறது. அது 230 என்று வைத்துக்கொண்டால் குட்வில் 960 + 230 − 975 = 215. வாங்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே வாங்கலில் பாதியில் மாற்ற முடியாது.

லாப நட்டக் கணக்கில் துணையின் கடைசி ஆறு மாதம் மட்டும்தான் வரும், விற்பனை முதல் செலவு வரை ஒவ்வொரு வரியிலும். முழு ஆண்டையும் சேர்த்துவிட்டு 'வாங்கலுக்கு முந்தைய லாபம்' என்று அடியில் கழிப்பது பழைய பழக்கம், இப்போது செல்லாது. உங்களுக்கு லாபம் சீராக வந்ததால் பாதி எடுத்தால் போதும். சீசன் வியாபாரம் என்றால் செப்டம்பர் 30 டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்கு நிலுவைகளின் பட்டியல்) இல்லாமல் நகரவே முடியாது. 300 விற்பனையைத் தாயின் கொள்முதலோடு முழுசாக நீக்குங்கள், கிடங்கில் இருக்கும் 60-ஐ மட்டும் அல்ல.

பேரேடு_7

ஒப்பிட்டுப் பார்த்தேன். தாய் மார்ச் 31 அன்று அனுப்பிய பணம், துணைக்கு ஏப்ரல் 2-ல் வரவாகியிருக்கிறது. இப்போது டேலி ஆகிவிட்டது. இந்தப் பதிவுகளை அடுத்த ஆண்டு மறுபடி போட வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

வரி விஷயத்தில் திருத்தியது சரி, 180-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம், போட வேண்டும். ஒருங்கிணைப்புப் பதிவுகள் எந்த நிறுவனத்தின் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அடுத்த ஆண்டு இரண்டு தனி டிரையல் பேலன்ஸும் பழைய முதலீடு 960-ஓடு, நிலத்தின் 100 இல்லாமல், புதிதாக வந்து நிற்கும். முதலீட்டு நீக்கத்தை அதே எண்களில் திரும்பப் போடுங்கள். குட்வில் 180 மாறாது, ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மதிப்பிழப்புச் சோதனை செய்தாக வேண்டும். சரக்கு லாபம் 12-ஐ தொடக்க ரிசர்வில் பற்றும் (20% சிறுபான்மைக்கு), விற்ற பொருளின் அடக்கத்தில் வரவும் வைக்க வேண்டும். அந்தச் சரக்கு வெளியே விற்றுப்போன ஆண்டில்தான் லாபம் குழுமத்துக்குச் சொந்தமாகிறது. அதன் வரி 3-ம் கூடவே திரும்பும். இதை மறந்தால் தொடக்க ரிசர்வ், போன ஆண்டு முடிவு ரிசர்வோடு ஒத்துப்போகாது. ஆடிட்டர் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான்.