அனியூரிசத்துக்கு கிளிப் போடுவதற்கு முன் கணினியில் ஒத்திகை: ஸ்கேன் எப்படி எடுப்பது, எதை நம்புவது?

கண்டி_படப்பிரிவு கேட்டது:

வணக்கம். இப்படி ஒரு கேஸ் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்க நடு மூளை நாடி இரண்டாகப் பிரியும் இடத்தில் வெடிக்காத அனியூரிசம் (நாடிச் சுவர் பைபோல வீங்கிய இடம்). பை நாடியோடு சேரும் கழுத்து சுமார் 6 மி.மீ., பையின் உயரம் 8 மி.மீ. கொயில் (நாடி வழியாகப் பைக்குள் இடும் கம்பிச்சுருள்) வேண்டாம், மண்டையைத் திறந்து கழுத்தை இடுக்கும் கிளிப் போடுவோம் என்று குழு முடிவெடுத்துவிட்டது. சத்திரசிகிச்சைக்கு முன் முப்பரிமாணப் படத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும், முடிந்தால் முப்பரிமாண அச்சு மாதிரியும் வேண்டும்.

நோயாளிகளில் பலர் நுவரெலியா, பதுளைப் பக்கத்திலிருந்து கையில் சி.ரி. அஞ்சியோ (கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி எடுக்கும் நாடி ஸ்கேன்) உள்ள ஒரு சீடியோடு கண்டிக்கு வருகிறார்கள். அந்த சீடியை வைத்தே வேலை செய்யலாமா, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா? மென்பொருளில் எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்? மாதிரியைப் பார்த்து கிளிப்பின் நீளத்தை முடிவுசெய்யலாமா?

ரேடியோகிராபர்_பதுளை:

சீடியைத் திறந்ததும் ஸ்லைஸின் (ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின்) தடிமனைப் பாருங்கள். அநேகமாக 3 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள படத்தொடர் மட்டும்தான் இருக்கும். அது அறிக்கை எழுதப் போதும், ஒத்திகைக்கு உதவாது. 6 மி.மீ. கழுத்தை 3 மி.மீ. ஸ்லைஸில் பார்த்தால் மொத்தமே இரண்டு ஸ்லைஸ்தான். ஸ்கேன் எடுத்த இடத்துக்கு உடனே தொலைபேசி எடுத்து, 0.5 அல்லது 0.625 மி.மீ. தொடர் இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினில் மூலத்தரவு சில நாட்கள்தான் கிடக்கும், இடம் நிரம்பினால் பழையது அழிந்துவிடும். அதற்குள் கேட்டால் நோயாளிக்கு இன்னொரு தடவை கதிரும் கொன்ட்ராஸ்ட்டும் கொடுக்காமல் தப்பலாம். பிலிமைப் போட்டோ எடுத்து அனுப்பினால் ஒன்றும் செய்ய முடியாது, டைகொம் (ஸ்கேன் படங்களின் மூல வடிவம்) கோப்பே வேண்டும்.

மறுபடி எடுக்கத்தான் வேண்டுமென்றால்: முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 அளவுக் கனியூலா, முடிந்தால் வலக்கை. மில்லிலீற்றருக்கு 350 மி.கி. அயடீன் செறிவுள்ள கொன்ட்ராஸ்ட் 60 முதல் 70 மில்லிலீற்றர், வினாடிக்கு 4 முதல் 5 மில்லிலீற்றர் வேகத்தில். பின்னாலேயே 40 மில்லிலீற்றர் சேலைன். படப்புலத்தை 200 மி.மீ. அளவில் வைத்தால் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.4 மி.மீ. வரும். ஸ்லைஸ்கள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மீளுருவாக்குங்கள். குருதிக்கலனுக்கு மென்மையான கேர்னல் (படத்தை மீளுருவாக்கும் கணிப்பு வடிகட்டி), எலும்புக்குக் கூர்மையான கேர்னல் என்று இரண்டு தொடர் வேண்டும். கூர்மையானதை வைத்துக் கலனை வெட்டினால் ஓரம் செயற்கையாகப் பிரகாசித்து அளவு பொய்யாகும்.

நேரம் தவறுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. மூளையில் நாடி நிரம்பி நாளம் நிரம்ப ஒரு சில வினாடிகள்தான். பிந்தினால் கவர்னஸ் சைனஸும் (கரோட்டிட்டைச் சூழ்ந்த நாளக்குழி) கரோட்டிட் நாடியும் ஒரே கட்டியாகத் தெரியும். ஆனால் சில்வியன் நாளங்கள் (நெற்றிமடலுக்கும் பொட்டுமடலுக்கும் இடைப்பட்ட சில்வியன் பிளவில் ஓடுபவை) எங்கே ஓடுகின்றன என்று சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தெரிய வேண்டும். அதனால் முதலில் நாடிக் கட்டம், அடுத்து நாளக் கட்டம் என்று இரண்டாக எடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. கதிர் கூடும் என்பதையும் குழுவிடம் சொல்லிவிட்டே செய்ய வேண்டும்.

கிரியேற்றினினை (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் குருதிப் பரிசோதனை) பார்க்காமல் கொன்ட்ராஸ்ட் வேண்டாம். கிராந்துருகோட்டை, மஹியங்கனைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தோற்றத்தில் ஒன்றும் தெரியாது.

நரம்பறை_பயிலுநர்:

பதுளை அண்ணா சொன்ன தொடர் கையில் கிடைத்த பிறகு வரும் வேலையைச் சொல்கிறேன். 3டி ஸ்லைசர் இலவசம், இந்த வேலைக்குப் போதும். ஆனால் அது ஆய்வுக்கான மென்பொருள், மருத்துவப் பாவனைக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல. தீர்மானம் எப்போதும் கதிரியக்க நிபுணர் கையெழுத்திட்ட மூலப் படத்தின் மேல்தான் நிற்க வேண்டும்.

எல்லாம் கெட்டுப்போகிற இடம் எல்லைமதிப்பு (எந்த எண்ணுக்கு மேலே இருப்பதைக் கலன் என்று மென்பொருள் எடுக்க வேண்டும் என்ற எல்லை). கண்ணுக்கு அழகாகத் தெரியும் வரை நகர்த்திவிட்டு நிறுத்தக்கூடாது. கலனுக்குள் ஹவுன்ஸ்பீல்ட் எண் (சி.ரி. படத்தின் அடர்த்தி எண்) 380, பக்கத்து மூளையில் 40 என்றால் நடு எண் 210. அங்கே தொடங்குங்கள். எல்லையைத் தாழ்த்தினால் கழுத்து அகலும், பையும் பக்கத்துக் கிளையும் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். உயர்த்தினால் கழுத்து ஒடுங்கும், சிறு கிளைகள் காணாமல் போகும். நடு எண்ணுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எல்லைகளில் செய்து இரண்டிலும் கழுத்தை அளவுங்கள். இரண்டும் விலகினால் முப்பரிமாணப் படத்தை மூடிவிட்டு ஸ்லைஸிலேயே, கழுத்துக்குச் செங்குத்தான தளத்தில் அளவுங்கள். மேற்பரப்பை வழவழப்பாக்கும் கருவியையும் குறைவாகவே பாவியுங்கள். அது பையைச் சுருக்கும். ஒவ்வொரு முறையும் வெளிக்கோட்டை மூல ஸ்லைஸின் மேல் போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கழுத்தில் சுண்ணம் படிந்திருந்தால் இந்த முறையில் அதுவும் குருதி போலவே சேர்ந்துவிடும். ஜன்னலை (திரை காட்டும் எண்களின் வீச்சை) அகலமாக்கிப் பார்த்தால் தனியே பளிச்சென்று நிற்கும். சுண்ணமுள்ள கழுத்தில் கிளிப் முழுதாக மூடாது, வழுக்கவும் கூடும். அதேபோல் பைக்குள் குருதி உறைந்திருந்தால் அஞ்சியோவில் தெரிவது ஓடும் குருதி மட்டும். உண்மையான பை அதைவிடப் பெரிதா என்று எம்.ஆர்.ஐ. ரி2 படத்தில் பாருங்கள்.

பிறகு தலையைத் திருப்புங்கள். வலப்பக்கத் திறப்பில் நிபுணர் உச்சந்தலைப் பக்கம் நின்று பார்க்கிறார். அவர் கண்ணுக்கு நெற்றிமடல் இடப்பக்கம், பொட்டுமடல் வலப்பக்கம். திரையையும் அப்படியே வையுங்கள். நிமிர்ந்த தலையில் படித்த உடற்கூறு மேசையில் குழப்பும். 30 பாகையிலிருந்து 45 வரை சிறிது சிறிதாகத் திருப்பி, எம்1 பகுதி (நடு மூளை நாடியின் பிரிவுக்கு முந்திய தண்டு) பைக்குப் பின்னால் எந்தக் கோணத்தில் மறைகிறது என்று பார்ப்பதுதான் ஒத்திகையின் உயிர். பையைத் தொடுவதற்கு முன்னால் எம்1இல் தற்காலிகக் கிளிப் போட இடமிருக்கிறதா? பிரிவுக்கு முன்னாலேயே கிளம்பும் பொட்டுக் கிளையை எம்2 (பிரிவுக்குப் பிந்திய கிளை) என்று எண்ணிவிட்டீர்களா? எம்2இல் ஏதாவது கழுத்திலிருந்தே முளைக்கிறதா? இந்த மூன்றுக்கும் திரை பதில் சொல்லும். திரையில் நன்றாகத் தெரிகிறதே என்று தலையை அளவுக்கு மீறித் திருப்பினால், மேசையில் பொட்டுமடல் சில்வியன் பிளவின் மேல் சரியும்.

கிளிப்பின் நீளம்: வட்டக் கழுத்தை நசுக்கினால் அகலம் விட்டத்தின் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போகும். 6 மி.மீ. கழுத்து ஏறக்குறைய 9.4 மி.மீ. ஆகும். ஆகவே கிளிப்பின் அலகு (இடுக்கும் பகுதி) 10 மி.மீ.க்குக் குறையக்கூடாது. எட்டு மி.மீ. அலகை மாட்டினால் மறுமுனையில் குருதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மாதிரியில் பார்த்த நீளத்தோடு அதற்கு முந்தியதும் பிந்தியதும், வளைந்த அலகும் தட்டில் இருக்கட்டும்.

திரை காட்டாததையும் சொல்லியாக வேண்டும். எம்1இலிருந்து மேல்நோக்கிப் போகும் நுண்துளை நாடிகள் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் குறைவு, சி.ரி. அஞ்சியோவில் தெரியாது. அவற்றில் ஒன்று கிளிப்பில் அகப்பட்டாலும் மூளையின் ஆழத்தில் பக்கவாதம் வரும். படத்தில் வெற்றிடம் என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று எண்ணவே கூடாது. சுவரின் தடிப்பும் தெரியாது. பிளவைத் திறந்து மூளைநீரை வடித்ததும் மூளை தாழும், பையும் இடம் மாறும், திரை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்.

பேராதனை_பொறி:

அச்சுப் பற்றி. எஸ்.ரி.எல். கோப்பில் (அச்சுக்குக் கொடுக்கும் முப்பரிமாண வடிவக் கோப்பு) அளவு மி.மீ.யா அங்குலமா என்று எழுதியிருக்காது. மில்லிமீற்றரை அங்குலமாக எடுத்தால் 25.4 மடங்கு பிழை, அது கண்ணுக்கே தெரியும். பயப்பட வேண்டியது சிறு பிழைக்குத்தான். அச்சிட்டதும் வேர்னியரால் எம்1இன் விட்டத்தையும் கழுத்தையும் அளந்து ஸ்லைஸ் அளவோடு ஒப்பிடுங்கள்.

0.4 மி.மீ. மூக்குள்ள சாதாரண இழை அச்சுப்பொறியில் 1 மி.மீ. கிளைகள் நிற்காது, தாங்கியை அகற்றும்போது முறியும். மண்டையோட்டுக்கு அது போதும். குருதிக்கலனுக்கு 0.05 மி.மீ. படலத்தில் பிசின் அச்சு நல்லது. நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசைச் சுற்றித்தான். அந்தக் குளிரில் பிசின் தடித்து, படலங்கள் ஒட்டாமல் பாதியில் விழும். அறையையோ தொட்டியையோ 25 பாகைக்குச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள். இழை என்றால் மூடுபனிக் காலத்தில் ஈரம் குடிக்கும், சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். பி.எல்.ஏ. இழை ஈரமானால் 45 பாகையில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்தலாம்.

கடினமான மாதிரியில் கிளிப்பை மூடிப் பார்ப்பதில் பொருளில்லை. அது திசை காட்டும், இடுக்கு காட்டும், அவ்வளவுதான். நசுங்கிப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே குழியான, நெகிழும் பிசினில் அச்சிட வேண்டும். அப்போதும் அச்சின் சுவர்த் தடிப்பு நாம் கொடுத்த எண், நோயாளியின் சுவர் அல்ல. மாதிரியில் திறந்து மூடிய கிளிப்பை நோயாளிக்குப் போடக்கூடாது, ஒத்திகைக்கென்று தனியாக வையுங்கள்.

குருதி ஓட்டக் கணிப்பைச் சிலர் கேட்பார்கள். குருதியின் அடர்த்தி கனமீற்றருக்கு 1060 கி.கி., பிசுக்குமை 3.5 மில்லிபாஸ்கல் செக்கன் என்று போட்டு ஓட்டினால் நிறப்படம் அழகாக வரும். சுவரில் உராய்வு விசை கூடிய இடமும் குறைந்த இடமும் இரண்டுமே வெடிப்போடு தொடர்புபட்டிருப்பதாக ஆய்வுகள் உண்டு. அந்த நிறத்தை வைத்து கிளிப்பையோ சத்திரசிகிச்சைத் திகதியையோ முடிவுசெய்யாதீர்கள்.

கோப்பை அச்சுக்காகப் பொறியியல் பீடத்துக்கு அனுப்புமுன் டைகொம் தலைப்பிலுள்ள பெயர், இலக்கம், பிறந்த திகதியை நீக்குங்கள். தோல் மேற்பரப்பை உருவாக்கினால் முகமே வந்துவிடும், அதையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

கண்டி_படப்பிரிவு:

மூவருக்கும் மிக்க நன்றி. வெடித்து வருகிற கேஸில் இதில் எவ்வளவு செய்யலாம்?

நரம்பறை_பயிலுநர்:

அச்சு வேண்டாம். வெடித்த பையில் இரண்டாம் கசிவுக்கான ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சம், அச்சுக்காக ஒரு மணித்தியாலம்கூடத் தள்ளக்கூடாது. நோயாளி ஸ்கேன் மேசையிலிருந்து இறங்கும்போதே மெஷினின் முப்பரிமாணத் திரையில் மூன்று காட்சி எடுங்கள்: நிபுணர் நிற்கும் கோணம், அதிலிருந்து 15 பாகை இருபுறமும். பையின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது, எம்1 எங்கே பிடிபடும், கழுத்து எத்தனை மி.மீ. என்ற மூன்றையும் படத்தின் மேலேயே எழுதி அறுவைக்கூடத்துக்கு அனுப்புங்கள். நோயாளி வெளி மாவட்டத்திலிருந்து அம்புலன்ஸில் வந்துகொண்டிருந்தால், மெல்லிய தொடர் அவருக்கு முன்னால் வலையமைப்பில் வந்து சேரட்டும்.